ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்

பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை எவற்றைப் பேசலாம், எவற்றைப் பேசலாகாது என்பதற்கு எங்கள் கோலார் தங்கவயலில் எழுதப்படாத ஒழுங்கு ஒன்று உண்டு. என்ன வேலை, காலையில் எந்த ரயில், திரும்புவது எந்த ரயிலில், எந்தச் சபை, பாட்டனார் எந்தச் சுரங்கத்தில் இருந்தார் என்று பெண்வீட்டார் கேட்பார்கள். மாப்பிள்ளை தலையைச் சற்றே தாழ்த்தி விடை சொல்வார். என் இளைய மகளைப் பார்க்க வந்தவரிடமும் அந்த ஒழுங்கின்படியே கேட்டேன்.

"இன்னா வேலை பண்றீங்க?"

"கம்பெனி வேலைங்க. டெக்னிக்கல்," என்றார் அவர். கையிலிருந்த காப்பி டம்ளரை மேசைமேல் வைத்தார். பிறகு யாரும் கேளாமலே, "ஆக்டோபஸுக்கு மூணு இதயம், தெரியுங்களா?" என்றார்.

கூடத்தில் இருந்தோர் ஒருவரை ஒருவர் பார்த்தனர். மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சமையலறை வாயிலில் நின்றிருந்த என் மனைவி மட்டும், "மூணா? ஒண்ண வெச்சிக்கினே நாங்க படற பாடு போதாதா?" என்றாள். உள்ளறையிலிருந்து என் மகளின் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்போடு சம்பந்தம் பாதி முடிந்துவிட்டது. என் ஐயம் தொடங்கியதும் அப்போதுதான்.

ஐயப்படுவது என் பிழைப்பாக இருந்தது. நந்திதுர்க்கில் சுரங்கம் ஓடிய நாளில் நான் டைம் ஆபீசின் டோக்கன் சன்னலில் இருந்தவன். ஷிப்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் என் சன்னலில் டோக்கன் வாங்கிய பிறகே கேஜில் ஏறலாம். கேஜ் என்பது இரும்புக் கயிற்றில் தொங்கியபடி ஆட்களை ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் இறக்குகிற கூண்டு. நேரத்தில் வந்தவன் தன் எண்ணைச் சொல்வான், டோக்கனை வாங்குவான், போய்விடுவான். பிந்தி வந்தவனும், குடித்துவிட்டு வந்தவனும், தம்பியின் டோக்கனில் தான் இறங்கப் பார்த்தவனுமே எனக்குச் செய்தி கொண்டுவருவார்கள். மாரிக்குப்பத்தில் ஆட்டுக்குட்டி ஐந்து காலோடு பிறந்திருக்கிறது என்பான் ஒருவன். ஐந்தாவது கால் எந்தப் பக்கம் என்று நான் யோசிக்கிற இடைவெளியில் சன்னலைத் தாண்டியிருப்பான். கேளாத அதிசயத்தைச் சொல்கிறவன் கேட்ட ஒன்றைச் சொல்லாமல் விடுகிறான். பள்ளியில் நான் கற்றது சொற்பம். பிறகு படிப்பகத்து மேசையில் கற்றது கொஞ்சம் உண்டு. இந்தப் பாடம் இரண்டு இடத்திலும் கற்றதன்று.

இவ்விடத்தில் என் மனைவியின் நிபந்தனையைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எல்லாம் அதன்மேல்தான் நின்றது. அவளுடைய தந்தை ஷாப்ட் ஆள். கேஜுக்குள் நில்லாமல் அதன் கூரைமேல் நின்று, கேஜ் மெல்ல இறங்க இறங்க, ஷாப்டின் சுவரையும் மரச் சட்டங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துச் சீர்செய்கிற வேலை அது. ஒரு நாள் அவர் கூரைமேல் நிற்பதை அறியாமல் கீழே யாரோ கேஜை நகர்த்த மணியடித்துவிட்டார். அப்போது அவள் பள்ளிக்கூடத்துச் சிறுமி. பின்னாளில் எனக்கு அவளைக் கேட்டுப் போனபோது, "மேல வேலையா, கீழ வேலையா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டாளாம். சன்னல் வேலை என்றதும் சம்மதித்தாள். எங்களுக்குப் பெண்கள் பிறந்தபோது, "கவுத்துல தொங்குற வேலை பண்றவனுக்கு எம் பொண்ணுங்கள குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

சுரங்கம் மூடப்பட்டது. நிபந்தனை மூடப்படவில்லை. மூத்தவளுக்கு வரன் பார்த்த காலத்தில் என் மனைவியின் தம்பியே சிரித்தான். "இனிமே எவன் தொங்கப் போறான், அக்கா? எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு கீறானுங்க."

"குந்தட்டும். கேட்டுட்டுத்தான் குடுப்பேன்," என்றாள் அவள்.

கேட்கிற பொறுப்பு என்னுடையது. மூத்த மருமகன் வங்கியில் வேலை செய்கிறவர், ஆகவே அப்போது எனக்குச் சிரமம் இருக்கவில்லை. இம்முறை, சபைப் பாடகர் குழுவில் உள்ள ஒருவர் கொண்டுவந்த வரன் இது. அவரிடம் தனியே விசாரித்தேன். "பெங்களூருல பெரிய கட்டடத்துக்குள்ள வேலைங்க. வெயில் இல்ல, மழை இல்ல. கம்பெனியே ஷூ குடுக்குது," என்றார். மாப்பிள்ளை வீட்டார் பல ஆண்டு பெங்களூரில் வாடகைக்கு இருந்துவிட்டு, வாடகை கட்டுப்படியாகாமல் அண்மையில்தான் ஆண்டர்சன்பேட்டைக்குத் திரும்பியவர்கள். அக்கம்பக்கத்தாருக்கு மாப்பிள்ளை காலையில் ரயிலேறுவது தெரியும், இருட்டிய பின் வருவது தெரியும். இடையில் நடப்பது தெரியாது. எங்கள் ஊரில் இளைஞர்களின் பகற்பொழுது முழுவதும் பெங்களூரில் இருப்பதால், அதை யாரும் பெரிதாக எண்ணுவதுமில்லை.

கல்யாண ஒப்பந்தம் முடிந்தது. ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் பின் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு உணவுண்ண வரலானார். வெறுங்கையோடு வந்தவரில்லை. பழம் கொண்டுவருவார், அதனுடன் ஒரு செய்தியும் கொண்டுவருவார். தேன் கெட்டுப்போவதில்லை என்றார். வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்றார். ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு பிராணி பகடைக் காய்போலச் சதுரம் சதுரமாகச் சாணி போடும் என்று அவர் சொன்ன அன்று, என் மனைவி குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அடுக்கி வெச்சி வீடே கட்டிக்கலாம் போலகீதே!"

"ஆமா அத்தை. பட்டா கூடக் கேக்க மாட்டாங்க."

அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மறுநாள் அந்தப் பிராணி எங்கள் வீட்டு வரிசை முழுவதும் பரவிவிட்டது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "இந்த ஞாயித்துக்கெழம உங்க மருமகன் இன்னா சொன்னாரு?" என்று அடுத்த வீட்டுக்காரர் என்னையே நிறுத்திக் கேட்டார். மருமகன் என்று ஊரார் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் சொல்லவில்லை.

நான் கவனித்தது வேறு. வேலையைப் பற்றிய என் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாலேதான் ஒரு பிராணி வந்தது.

"ஆபீஸ் எத்தினியாவது மாடி?"

"எல்லா மாடியும் நம்மளதுதான் மாமா. ஒட்டகச்சிவிங்கிக்கும் மனுஷனுக்கும் கழுத்துல ஒரே எண்ணிக்கை எலும்புதான், தெரியுமா?"

"மேனேஜரு தமிழா, கன்னடமா?"

"ரெண்டும் பேசுவாரு மாமா. இறாலுக்கு இதயம் தலையில கீது."

இன்னொன்றையும் கண்டேன். அச்செய்திகள் அனைத்தும் ஒரே அளவாக இருந்தன. ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. மேலே எதைக் கேட்டாலும் அவருக்குத் தெரியவில்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் எதற்கு என்று என் மகள் கேட்டாள். "அது போடல," என்றார். 'போடல' என்ற சொல் என் காதில் தங்கியது. எங்கே போடவில்லை? புத்தகம் படிக்கிறவர் இப்படிப் பேசமாட்டார். தொலைபேசியில் பார்க்கிறவர் பத்து வரியாவது சொல்வார். துணி வெட்டியதுபோல இத்தனை ஒரே அளவாக ஒருவர் எங்கிருந்து எடுத்துவருகிறார்?

எங்கள் சபையில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் மெய் என்றார். சதுரச் சாணியும் மெய்யாம். என் ஐயம் தணிந்திருக்க வேண்டும் என்பீர்கள். அது இரட்டித்தது. பொய்யை மூடப் பொய்யைப் போர்த்துகிறவன் எளிதில் அகப்படுவான். மெய்யைப் போர்த்துகிறவனை எந்த ஆசிரியரிடம் கேட்டுப் பிடிப்பது?

ஓலை வாசிப்புத் தொடங்கியது. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை சொல்வோர் உண்டானால் தெரிவிக்கலாம் என்று போதகர் சபையாரிடம் அறிவிப்பது எங்கள் வழக்கம். மூன்றாம் வாசிப்புக்குப் பின் தடைக்கு இடமில்லை. முதல் ஓலை வாசித்த வாரம் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனேன். சுரங்கம் மூடிய பிறகு நான் கணக்கெழுதிய துணிக்கடைக்காரர் அங்கே இருக்கிறார். கல்யாணப் புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு இன்னா வேலை சார்?"

"டெக்னிக்கல்."

"டெக்னிக்கல்னா?"

நான் புடவையின் சரிகையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் புடவையை மடித்தார். "தப்பா நெனைக்காதீங்க. எங்க தெருவுலயே ஒருத்தன் வேலை போயும் அதே டிரெயினு, அதே டிபன் பாக்ஸு. பகலெல்லாம் பார்க்குல குந்திக்கினு இருந்துட்டு வருவான். பெண்டாட்டிக்கே தெரியல. ஒரு நாள் போயி பாத்துட்டு வந்துடுங்களேன்."

இரண்டாம் ஓலையும் வாசிக்கப்பட்டது. என் மனைவி அன்று மாலை, "நீங்க நல்லா விசாரிச்சிட்டீங்க இல்ல?" என்று கேட்டாள். அவள் என்னிடம் அப்படிக் கேட்பது ஒரு முறைதான். மறுமுறை கேட்கமாட்டாள். கண் மருத்துவரைப் பார்க்கப் பெங்களூர் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

உரிகம் நிலையத்தில் காலை ரயிலில் ஏறினேன். மாப்பிள்ளை மாரிக்குப்பத்திலேயே ஏறியிருந்தார். அவர் இருந்த பெட்டியின் மறுகோடியில், செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஓர் இருக்கையில் அமர்ந்தேன்.

"இன்னா பெருசு, கர்சீப் போட்டுக்கீது பாக்கலியா?" என்றார் ஒருவர். நான் உண்மையிலேயே ஒரு கைக்குட்டையின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

"யாரையும் காணலியே."

"ஆளு கோரமண்டல் ஸ்டேஷன்ல ஏறுவாரு. அவரு சீட்டு அது. அவரு ரிட்டையர் ஆவறவரிக்கும் அவருதுதான்."

எழுந்து நின்றேன். செய்தித்தாளின் ஓரத்தால் பார்த்தேன். எங்கள் வீட்டில் வாய் ஓயாதவர், நண்பர்களுக்கு நடுவே வாயைத் திறவாமல் கண்மூடிச் சாய்ந்திருந்தார். ஒரு பிராணியின் பெயரும் அங்கே உச்சரிக்கப்படவில்லை. எங்களுக்கென்றே சேமித்து வைக்கப்படுகிற சரக்கு என்று குறித்துக்கொண்டேன்.

ஒயிட்ஃபீல்டில் அவர் இறங்கினார், நானும் இறங்கினேன். அவர் பேருந்தின் பின்வாயிலில் ஏறினார், நான் முன்வாயிலில். கண்ணாடியால் கட்டிய பெரிய கட்டடம் ஒன்றின் வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். பூங்காவுக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது. என் நெஞ்சின் பாரம் ஒரு பங்கு இறங்கியது. ஆனால் வேலை இருக்கிற ஒருவர் அதை ஏன் ஒளிக்க வேண்டும்? காவலரிடம் சென்றேன்.

"இப்போ போனாரே நீலச் சட்டை, அவரு இன்னா வேலைங்க?"

காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேஜிஎஃப்பா?"

"எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

"நம்ம பேச்சு தெரியாதா? நானும் சாம்பியன் ரீஃப் ஆளுதான். அவருக்கு ஒறவா? போங்க, போயி பாருங்க. எந்த மாடின்னு சொல்ல முடியாது, அவரு எல்லா மாடியிலயும் இருப்பாரு." பார்வையாளர் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டி என்னை உள்ளே விட்டார்.

லிப்டில் நான் மட்டும் இருந்தேன். கதவுக்குமேல் ஒரு சிறிய திரை. அதில் பற்பசை விளம்பரம் ஓடியது, பிறகு அன்றைய வெப்பநிலை வந்தது. அதன்பின் ஊதா நிறத்தில் ஓர் ஆக்டோபஸ் தோன்றியது. பக்கத்தில் மூன்று சிவப்பு இதயங்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி. ஒரு வாக்கியத்துக்குமேல் அதில் இடமில்லை. லிப்ட் ஏற ஏறத் தேன் வந்தது, வண்ணத்துப்பூச்சி வந்தது, சதுரச் சாணிப் பிராணி புல் தின்றது. என் வீட்டுக் கூடத்தில் பரிமாறப்பட்ட அனைத்தும் அந்தச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதையும் இங்கிருந்து யாரோ உரித்தெடுத்து வந்ததுபோல எனக்கு ஒரு கசப்பு ஏற்பட்டது.

கதவு திறந்தது. எதிரே மஞ்சள் தடுப்புப் பலகை வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு லிப்டின் கதவு முழுவதும் திறந்திருந்தது, ஆனால் அங்கே அறை இல்லை. இருட்டும், மேலிருந்து கீழே தொங்கும் இரும்புக் கயிறுகளும் இருந்தன. குளிர்ந்த காற்றோடு கிரீஸ் நெடி வந்தது. அது எனக்குப் புதிய நெடியன்று. தளத்தின் மட்டத்தில் லிப்டின் கூரை நின்றது. கூரைமேல் தலைவிளக்கும் இடுப்புப் பட்டையும் அணிந்து, ஒரு கயிற்றைக் கையால் தடவிப் பார்த்தபடி என் மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவருடைய காலுக்குக் கீழே, லிப்டுக்குள்ளிருந்து வேறொருவனின் குரல் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. என் மாமனாரை நான் பார்த்ததில்லை. அவர் நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"மாமா?" என்றார். விளக்கு என் முகத்தில் விழுந்தது. "கண்ணு டாக்டர்கிட்ட போறதா சொன்னாங்களே?"

"நீ டெக்னிக்கல் வேலைன்னு சொன்ன. ரெண்டு பேரும் இங்கதான் கீறோம்."

அவர் சுவிட்சு ஒன்றை அமுக்கிவிட்டு இறங்கி வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"நான் பொய் சொல்லல மாமா."

"மெய்யும் சொல்லல."

"அத்தையோட கண்டிஷன் பாட்டு கோஷ்டி அண்ணன் சொல்லித் தெரியும். மொத நாளே சொல்லிடணும்னுதான் வந்தேன். நீங்க கேட்டதும் வாய் காஞ்சி போச்சி. ஆக்டோபஸ் வந்துடுச்சி."

"அதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கெழமையெல்லாம்?"

"அத்தை சிரிச்சாங்களே மாமா. சிரிச்சிக்கினு இருக்கிறவங்ககிட்ட இதை எப்பிடி எடுக்கிறது?"

"எப்போ எடுக்கிறதா இருந்த?"

அவர் கையுறையைக் கழற்றினார், மீண்டும் மாட்டினார். "மூணாவது ஓலை வாசிச்ச அப்புறம்."

"அதாவது, யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஆன அப்புறம்."

இம்முறை பிராணி எதுவும் வரவில்லை. "சனிக்கெழம வீட்டுக்கு வா. நீயே சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். அவ கோயில்லயே எழுந்து நிப்பா," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டு வழியே இறங்கினேன். லிப்டில் ஏற மனம் வரவில்லை.

சனிக்கிழமை அவர் வருவாரென்று நான் நம்பவில்லை. வந்தார். என் மனைவி ஆவலோடு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்க, வாங்க. இன்னிக்கு இன்னா கொண்டாந்தீங்க?"

"இன்னிக்கு ஒண்ணும் கொண்டாரல அத்தை. நான் லிப்ட் மெக்கானிக்கு. லிப்ட் கூரைமேல நின்னு கயிறு பாக்கிற வேலை."

அவள் சிரிப்பதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அதில் வியப்பு இல்லை. ஐயப்பட வேண்டிய இடம் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"உனக்குத் தெரியுமா?"

"ஒப்பந்தத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு நைனா," என்றாள் அவள். "எனக்கு அவரு வேணும். அம்மாவும் வேணும். நான் இன்னா பண்ண?"

என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. கழுவிய பாத்திரங்களையே மீண்டும் கழுவினாள் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனார். இரவு சோறு போடும்போது என் மனைவி என்னைப் பார்த்த ஒரு பார்வையில், நீங்கள் விசாரித்த இலட்சணம் இதுதானா என்பது தெளிவாக இருந்தது.

மறுநாள் ஆராதனையில் போதகர் மூன்றாம் ஓலையை எடுத்தார். என் மகள் பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கத்துப் பெஞ்சில் மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தடை சொல்வோர் யாரேனும் உண்டானால்," என்று போதகர் வாசித்தார். என் மனைவி எழும்போது முன் பெஞ்சை இரு கைகளாலும் பிடித்துத்தான் எழுவாள். அவளுடைய கைகள் முன் பெஞ்சின்மேல் இருந்தன. போதகர் கண்ணாடியைச் சரிசெய்தார், சபையைப் பார்த்தார், அடுத்த அறிவிப்புக்குப் போனார். கைகள் அங்கேயே இருந்தன.

வெளியே வந்ததும் மெல்லக் கேட்டேன். "ஏன் எழுந்திரிக்கல?"

"எழுந்துட்டா அதோட முடிஞ்சி போச்சி. எனக்குக் கேக்க வேண்டியது பாக்கி கீது," என்றாள். வேப்பமரத்தடியில் நின்ற மாப்பிள்ளையை நோக்கி நேரே நடந்தாள்.

"நீ மேல நிக்கறப்போ உள்ள யாரு நிக்கறாங்க?" அதுவரை அவரை வாங்க, போங்க என்றுதான் பேசிவந்தாள்.

"ஒரு பார்ட்னர் அத்தை. யாரும் ஏறாம, பட்டன் அமுக்காம பாத்துக்குவான்."

"அவன் அங்கதான் கீறான்னு மேல கீற உனக்கு எப்பிடித் தெரியும்? டீ குடிக்கப் போயிட்டான்னா?"

"பேசிக்கினே இருப்பான் அத்தை. பேச்சு நின்னா நானு சுவிட்ச அமுக்கிட்டு இறங்கிடுவேன். அதுதான் எங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சு."

"நாள் பூரா இன்னா பேசுவான்?"

மாப்பிள்ளை தயங்கினார். "உள்ள ஒரு ஸ்கிரீன் கீது. அதுல வர்றதப் படிப்பான். ஆக்டோபஸு, தேனு, எல்லாம். மேல இருந்து எனக்கு ஸ்கிரீன் தெரியாது அத்தை. நானு ஒண்ணையும் பாத்ததில்ல. அவன் சொல்லிக் கேட்டதுதான்."

கட்டடத்தில் அவருடைய காலுக்குக் கீழே ஓயாமல் ஒலித்த குரல் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூரைமேல் நிற்பவருக்கு, உள்ளே ஆள் இருக்கிறான் என்பதற்கு அதுவே சாட்சி. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தெலும்பால் யாருக்கு என்ன பயன் என்று நான் எண்ணியிருந்தேன். மாப்பிள்ளை சொல்வதை நான் முழுவதும் நம்பினேனா என்றால், இல்லை. பேசத் தெரிந்தவர் இதையும் அழகாகப் பேசியிருக்கலாம். என் மனைவியும் அப்படியே நினைத்தாள் போலும். "அவன கூட்டிக்கினு வா. நான் பாக்கணும்," என்றாள்.

அடுத்த விடுமுறையில் அவன் வந்தான். ராய்ச்சூர் பக்கத்துக்காரன், கன்னடத்தில் தமிழைக் கலந்து பேசினான். ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றி அவன் தின்று முடிக்கும்வரை என் மனைவி எதையும் கேட்கவில்லை. பிறகு மாப்பிள்ளையை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"வேலை பண்றப்போ நீ இன்னா செய்வ? செஞ்சி காட்டு."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. தட்டைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். பிறகு தலையை மேலே தூக்கி, உத்தரத்துக்குக் கேட்கும்படி, "கேளு குரு! வாழப்பழம் பெர்ரி ஜாதியாம்! ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லியாம்!" என்று கத்தினான்.

வாசலுக்கு வெளியிலிருந்து, "அப்பிடியா?" என்று மாப்பிள்ளையின் குரல் வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழக்கத்தில் வந்த விடை அது.

"இப்போ பேசாம இரு," என்றாள் என் மனைவி.

அவன் வாயை மூடினான். கதவு உடனே திறந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "டேய், இன்னா ஆச்சி?"

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்கப்பாவுக்குக் கீழ இருந்தவன் வாயே தொறக்க மாட்டானாம். எங்கம்மா சொல்லும்," என்றாள். சற்றுப் பொறுத்து அவனிடம், "போனு பாப்பியா, வேலை நேரத்துல?"

"இல்லம்மா. பையில கெடக்கும். சாப்பாட்டுக்குத்தான் எடுப்பேன்."

"கல்யாணத்துக்கு வந்துடு. இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

சம்மதம் என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை. உள்ளறையில் என் மகள் விசும்பிய ஓசை கேட்டபோது, அது தெரிந்துவிட்டது.

திருமணம் நடந்தது. ஞாயிறுகளில் மகளும் மருமகனும் வருகிறார்கள். அவரை இப்போது மருமகன் என்று நானும் சொல்கிறேன். அந்தப் பார்ட்னரின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. வேலை நேரத்தில் தொலைபேசி பையில் கிடக்கும் என்று அவன் சொன்னான். ஒருவன் ஒரு வீட்டில் குழம்பு தின்றபடி சொல்கிற வாக்கை நான் அப்படியே ஏற்கிறவனில்லை. ஆகவே, காலை வேலை நேரத்தில், முன்னறிவிப்பில்லாமல், எப்போதாவது அவனை அழைக்கிறேன். என் மனைவி கை வேலையை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்பாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும். பிறகு கன்னடத்தில் ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை என்று சொல்லும்.

"எடுத்தானா?"

"எடுக்கல."

"நல்ல புள்ள," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போவாள்.